சிறுநீரகம் மாற்றியவர்களும் பங்கசுத் தொற்றும்: வீட்டிலிருந்து கிளினிக் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கொழும்பில் ஒரு பாமசியில் மருந்தாளராக வேலை செய்கிறேன். சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்தவர்கள் மாதா மாதம் வருவார்கள். டக்ரோலிமஸ் எத்தனை மணிக்கு, பிரெட்னிசலோன் எத்தனை மில்லிகிராம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சரியாகச் சொல்வார்கள். ஆனால் நாக்கில் வெள்ளை படிந்தாலோ, தொடையிடுக்கில் படர்தாமரை வந்தாலோ, இதற்கெல்லாம் எதற்குக் கிளினிக் என்று நினைத்து, வீட்டில் யாரையாவது அனுப்பி ஒரு கார்ட் குளிசை வாங்கப் பார்க்கிறார்கள். "அண்ணை, பங்கசுக்கு ஒரு குளிசை தாங்கோ" என்று வருகிற பிள்ளைக்கு, அது யாருக்கு என்று நான் கேட்டால்தான் அப்பாவின் சிறுநீரகக் கதை வெளியே வரும்.

அதனால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறுநீரகம் மாற்றிய உங்களுக்குப் பங்கசுத் தொற்று, அதாவது பூஞ்சைத் தொற்று, ஆபத்தானது. அதைக் குணமாக்கும் குளிசையும், கிளினிக்கைக் கேட்காமல் தொடங்கினால், மாற்றிய சிறுநீரகத்துக்கு ஆபத்தானது. கேட்காமல் நிறுத்தினாலும் அப்படித்தான். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டு ஆபத்துக்கும் நடுவே எப்படி நடப்பது என்பது பற்றியவை.

படி 1: உங்களுக்கு ஏன் வருகிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள்

பங்கசின் வித்திகள், அதாவது அது பரவும் நுண்ணிய விதைகள், நாம் இழுக்கும் மூச்சில் எப்போதும் இருக்கின்றன. கன்டிடா என்ற பங்கசு பலருடைய வாயிலும் குடலிலும் சும்மா குடியிருக்கிறது. சுகமான உடம்பில் வெண்குருதிக் கலங்கள் இவற்றை அடக்கி வைத்திருக்கும். புதிய சிறுநீரகத்தை அந்நியப் பொருள் என்று தாக்க வருபவையும் அதே கலங்கள்தான். டக்ரோலிமசும் சைக்லோஸ்போரினும் அந்தக் கலங்களைத் தூண்டவிடாமல் பிடித்து வைக்கின்றன. மைக்கோஃபினோலேட்டும் அசாதயோபிரினும் அவை பெருகுவதைத் தடுக்கின்றன. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொய்ட் எல்லாவற்றையும் மந்தமாக்குகிறது. சிறுநீரகத்தைக் காப்பாற்ற இதுதான் வழி. பங்கசுக்கும் இதுவே வாசலாகிறது.

எல்லோருக்கும் ஒரே அளவு ஆபத்து இல்லை. நிராகரிப்பு, அதாவது உடம்பு புதிய சிறுநீரகத்தைத் தாக்குவது, வந்து பெரிய அளவில் ஸ்டீரொய்ட் ஊசியோ ஏடிஜி எனப்படும் எதிருடல் மருந்தோ ஏற்றப்பட்டவர்கள், சீனி வருத்தம் உள்ளவர்கள், சிஎம்வி (சைற்றோமெகலோ) வைரசுத் தொற்று வந்தவர்கள், சிறுநீர்க் குழாய் நீண்ட நாள் போடப்பட்டவர்கள், மாற்றிய சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சத்திரசிகிச்சைக்கு முன் சீனி இல்லாத ஒருவருக்கு டக்ரோலிமசாலும் பிரெட்னிசலோனாலும் புதிதாகச் சீனி வரலாம் என்பதையும் மறக்க வேண்டாம். இவற்றில் எது உங்களுக்குப் பொருந்துகிறதோ அதைக் கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதி வையுங்கள். அவசரத்தில் உங்களைப் பார்க்கும் டொக்டர் உங்களை அறியாதவராக இருக்கலாம். அவருக்கு அந்தப் பக்கம் பெரிய உதவி.

படி 2: எந்தக் காலத்தில் எதை எதிர்பார்ப்பது

முதல் மாதத்தில் வருவது பெரும்பாலும் கன்டிடா. வாய், சிறுநீர்ப் பாதை, சத்திரசிகிச்சைக் காயம், இரத்தக் குழாயில் போட்ட கதீற்றர் ஆகிய இடங்களில் தலைகாட்டும். ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை மருந்துகளின் தாக்கம் உச்சத்தில் இருக்கும் காலம். நியூமோசிஸ்டிஸ் என்ற நுரையீரல் தொற்றும், தூசியோடு வரும் அஸ்பர்ஜிலசும் இந்தக் காலத்தில் கூடுதலாக வருகின்றன. ஆறு மாதம் கடந்தால் பொதுவாக ஆபத்து குறையும், ஆனால் மூளையைத் தாக்கும் கிரிப்டோகொக்கஸ் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வருகிறது, சில வேளை வருடங்கள் கழித்து. "எனக்கு மாற்றி அஞ்சு வருசம், இனி என்ன" என்ற தைரியம் வேண்டாம். நிராகரிப்புக்குச் சிகிச்சை எடுத்தால் இந்தக் கணக்கு மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்குகிறது.

படி 3: தடுப்பு மருந்தை இடையில் விடாதீர்கள்

நியூமோசிஸ்டிசைத் தடுக்கக் கொட்ரைமொக்சசோல் குளிசை தருவார்கள். 480 மில்லிகிராம் தினமும் ஒன்று என்பது வழக்கமான முறைகளில் ஒன்று. சர்வதேச வழிகாட்டல்கள் குறைந்தது 3 முதல் 6 மாதம் என்கின்றன. பல இடங்களில் ஒரு வருடம் வரை கொடுக்கிறார்கள். நிராகரிப்புக்குச் சிகிச்சை நடந்தால் மறுபடி குறைந்தது 6 வாரம். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: இந்தக் குளிசை பொட்டாசியத்தைக் கூட்டலாம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியற்றினின் அளவைச் சற்று உயர்த்திக் காட்டலாம். அதைப் பார்த்துப் பயந்து நீங்களாக நிறுத்த வேண்டாம், டொக்டர் முடிவு செய்யட்டும். சல்ஃபா மருந்துக்கு ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். மாற்று மருந்துகள் இருக்கின்றன.

வாய்க் கன்டிடாவுக்கு நிஸ்டற்றின் துளிமருந்தைச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒன்று முதல் மூன்று மாதம் வரை தருவதுண்டு. இதைப் பலர் தண்ணீர் மாதிரி மடக்கென்று விழுங்கிவிடுகிறார்கள். சாப்பிட்டு, வாயைக் கொப்பளித்த பிறகு, சொன்ன அளவை எடுத்து, நாக்கால் வாய் முழுதும் பரப்பி, முடிந்தவரை வைத்திருந்து அப்புறம் விழுங்க வேண்டும். அதன்பின் அரை மணித்தியாலம் எதுவும் குடிக்க வேண்டாம். பொய்ப்பல் போடுபவர்கள் அதைக் கழற்றிவிட்டு மருந்து எடுக்க வேண்டும், இரவில் பொய்ப்பல்லைக் கழற்றிச் சுத்தம் செய்து வைக்க வேண்டும். நிஸ்டற்றின் குடலில் உறிஞ்சப்படுவதில்லை. ஆகவே டக்ரோலிமஸ் அளவை அது குழப்பாது.

படி 4: வீடு, தெரு, கோயில்

கொழும்பில் நாம் சுவாசிப்பது கட்டட வேலைத் தூசி. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு ஒழுங்கைக்குள் போனால் ஒரு பழைய வீடு இடிபடுகிறது, பக்கத்தில் தொடர்மாடி எழும்புகிறது. இடிக்கும் தூசியில் அஸ்பர்ஜிலஸ் வித்திகள் ஏராளம். முதல் ஆறு மாதத்தில் பக்கத்து வளவில் இடிப்பு நடந்தால் அந்தப் பக்க ஜன்னல்களைச் சாத்தி வையுங்கள், முடிந்தால் சில நாள் வேறு உறவினர் வீட்டில் இருங்கள். வெளியே போகும்போது என்95 முகக்கவசம். சாதாரண நீல முகக்கவசம் இந்த வித்திகளுக்குப் போதாது. உங்கள் வீட்டில் சுவர் உடைக்கும் வேலையை ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள்.

புறா எச்சம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிரிப்டோகொக்கஸ் காய்ந்த புறா எச்சத்தில் நன்றாக வாழும். தொடர்மாடி பல்கனியில் ஏசி இயந்திரத்துக்குப் பின்னால் புறா கூடு கட்டி, வெள்ளையும் சாம்பலுமாக எச்சம் தடித்துக் காய்ந்து கிடக்கும். அதை நீங்கள் கூட்டக் கூடாது. வேறொருவர் முகக்கவசம் போட்டு, முதலில் தண்ணீர் ஊற்றி நன்றாக நனைத்து, ஈரமாகவே வழித்தெடுக்க வேண்டும். காய்ந்தபடி விளக்குமாறு போட்டால் அது தூளாகி மூச்சோடு உள்ளே போகும். அந்த வேலை முடிந்து சில மணித்தியாலம் நீங்கள் அந்தப் பக்கம் போகாமல் இருங்கள். கோயில் வாசலில் புறாவுக்குத் தீனி போடும் புண்ணியத்தையும் வீட்டில் வேறு யாராவது செய்யட்டும்.

மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழையில் சுவர் ஊறும், அலுமாரிக்குள் உடுப்பு மணக்கும், குளியலறைக் கூரையில் கறுப்புப் பொட்டு விழும். ஒழுக்கை அடைத்துக் காற்றோட்டம் விடுவதுதான் நிரந்தரத் தீர்வு. பூஞ்சணத்தைத் துடைப்பது வீட்டில் மற்றவர்களின் வேலை. 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் வீடுகள் முழுகின. அப்படியான வெள்ளம் வடிந்த வீட்டுக்கு, மெத்தை, கதிரை, ஊறிய பலகை எல்லாம் அகற்றிச் சுவர் காயும்வரை நீங்கள் திரும்பிப் போக வேண்டாம்.

பூஞ்செடிக்கு மண் கிளறுவது, தும்புத் தூள் கொட்டுவது, கூட்டெரு வேலை மூன்றையும் முதல் வருடத்தில் விட்டுவிடுங்கள். பிறகு செய்வதென்றால் கையுறை, மூடிய சப்பாத்து. முள் குத்திய இடத்தில் சில வாரம் கழித்து வலியில்லாத ஒரு கட்டி வந்தால் அது தோலுக்கடியில் வளரும் கறுப்புப் பங்கசாக இருக்கலாம். அதை வெட்டி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும்.

கோயிலுக்குப் போகலாம். மனதுக்கு அது தேவை என்று எனக்குத் தெரியும். ஆனால் "சத்திரசிகிச்சை நல்லபடி முடிஞ்சால் பிரதட்டை பண்ணுறன், காவடி எடுக்கிறன்" என்று நேர்ந்தவர்கள் பலர். வெறும் மேலோடு வீதியில் உருளுவதும், அலகு குத்துவதும் உங்களுக்குச் சரிவராது. ஐயரிடம் சொல்லி அர்ச்சனையாகவோ அன்னதானமாகவோ மாற்றிக்கொள்ளுங்கள். செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வரும் ஆடிவேல் தேருக்குப் பின்னால் வெறுங்காலோடு நடக்கும் ஆசையையும் முதல் வருடத்தில் அடக்குங்கள். எந்தக் கோயிலுக்குப் போய் வந்தாலும் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துணியால் ஒற்றிக் காயவைத்து, வெடிப்போ கீறலோ உண்டா என்று பாருங்கள்.

சாப்பாட்டில் ஒரே விதி: பூஞ்சணம் கண்ட பாண், கச்சான், கருவாடு, பழம் எதையும் வெட்டி மீதியை உண்ண வேண்டாம், முழுதாக எறியுங்கள். சீனியைக் கட்டுப்பாட்டில் வையுங்கள். பீடி, சிகரெட், கஞ்சா மூன்றும் நுரையீரலுக்குள் பங்கசு வித்தியை நேரே கொண்டுபோகும்.

படி 5: வாரம் ஒரு நாள் உடம்பைத் தலை முதல் கால் வரை பாருங்கள்

பிரெட்னிசலோன் காய்ச்சலையும் வலியையும் மறைக்கும். மற்றவர்களுக்குப் பெரிதாகத் தெரியும் தொற்று உங்களுக்குச் சிறு சிணுங்கலாகத்தான் தெரியும். ஆகவே தேடிப் பார்க்க வேண்டும். ஞாயிறு காலை குளித்த பிறகு, நல்ல வெளிச்சத்தில், கண்ணாடி முன்னால் நின்று பாருங்கள்.

வாய். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் ஒட்டினது போல வெள்ளைத் திட்டு, வழித்தால் அடியில் சிவந்து எரியும், இது கன்டிடா. அதோடு விழுங்கும்போது நெஞ்சுக்குள் வலித்தால் உணவுக்குழாய்க்கும் இறங்கிவிட்டது, துளிமருந்து போதாது.

மூக்கும் முகமும். ஒரு பக்கம் மட்டும் மூக்கடைப்பு, கன்னம் வீக்கம், கண்ணைச் சுற்றி வலி, மேலண்ணத்திலோ மூக்குக்குள்ளோ கறுத்த பொருக்கு. இது மியூகோர்மைக்கோசிஸ் (சுருக்கமாக மியூகோர்) என்ற பங்கசுத் தொற்றாக இருக்கலாம். சீனி கட்டுப்பாடு இல்லாதவர்களையும் அதிக ஸ்டீரொய்ட் எடுப்பவர்களையும் இது பிடிக்கும், மணிக்கணக்கில் பரவும். காலை வரை பொறுக்காமல் அன்றிரவே வைத்தியசாலைக்குப் போங்கள்.

நெஞ்சு. வறண்ட இருமல், படி ஏறினால் முன்பில்லாத மூச்சிளைப்பு. கொவிட் காலத்தில் வாங்கிய விரல் ஒக்சிமீற்றர் பல வீடுகளில் லாச்சிக்குள் கிடக்கிறது, அதை எடுங்கள். இருந்தபடி ஒரு முறை, வீட்டுக்குள் சில நிமிடம் நடந்து ஒரு முறை அளந்து கொப்பியில் எழுதுங்கள். நியூமோசிஸ்டிஸில் இருக்கும்போது இலக்கம் நன்றாக இருந்து, நடந்ததும் விழும். 94க்குக் கீழே போனாலோ, உங்கள் வழமையிலிருந்து தெளிவாகக் குறைந்தாலோ அன்றே போக வேண்டும். சளியில் இரத்தம், மூச்சு இழுக்கும்போது குத்தும் வலி இரண்டும் அஸ்பர்ஜிலசை நினைக்க வைக்கும்.

தலை. நாட்கணக்கில் நீடிக்கும் தலையிடி, சத்தி, வெளிச்சம் கூசுதல், பார்வை மங்கல், "அப்பா ஒரு மாதிரி மறதியாக, கோபமாக இருக்கிறார்" என்ற மாற்றம். கிரிப்டோகொக்கஸ் மூளைக்காய்ச்சல் கழுத்து விறைப்பும் கடும் காய்ச்சலும் இல்லாமலேயே இப்படி மெல்ல வரும். நோயாளிக்கு இது விளங்காது, வீட்டிலுள்ளவர்கள்தான் கவனிக்க வேண்டும். இந்த வருத்தத்தில் பிந்தி வருபவர்களைக் காப்பாற்றுவது கடினம், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தோல். தேமலும் படர்தாமரையும் நம் வெக்கையில் யாருக்கும் வரும். உங்களுக்கு வந்தால் பரந்து வரும், போக நாளெடுக்கும். வலியில்லாத கட்டி, ஆறாத புண், கொப்புளம் மாதிரித் தொடங்கி நடுவில் குழி விழும் பரு ஆகியவை உள்ளே இருக்கும் பங்கசு இரத்தத்தோடு வந்து தோலில் காட்டும் அடையாளமாகவும் இருக்கலாம். போட்டோ எடுத்து, திகதியோடு வையுங்கள்.

சிறுநீர். பரிசோதனையில் கன்டிடா என்று வந்தால் உடனே பதற வேண்டாம். எரிவு, காய்ச்சல் எதுவும் இல்லாவிட்டால் பெரும்பாலும் மருந்து தேவைப்படாது, சிறுநீர் வெளியேறப் போட்ட குழாயை எடுத்தாலே போகலாம். ஆனால் மாற்றிய சிறுநீரகத்திலிருந்து இறங்கும் சிறுநீர்க்குழாயில் வைத்த ஸ்டென்ட் என்ற சிறு குழாயை எடுக்கப் போகும் சமயம் என்றால் டொக்டர் மருந்து தரக்கூடும்.

படி 6: காய்ச்சல் வந்தால், டெங்கு என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள்

கொழும்பில் காய்ச்சல் என்றால் வீட்டில் எல்லோர் வாயிலும் முதலில் வருவது டெங்கு. பனடோல் போட்டு, மூன்றாம் நாள் இரத்தம் சோதித்து, பிளேற்லெட் பார்ப்பது வழக்கம். சிறுநீரகம் மாற்றியவருக்கு இந்தக் காத்திருப்புக் கூடாது. 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பரனைற், ஒரு தடவை வந்தாலே அன்றைக்கே கிளினிக்குக்கு அழையுங்கள், கிடைக்காவிட்டால் வைத்தியசாலைக்குப் போங்கள். டெங்குச் சோதனை நெகட்டிவ் என்று வந்தால் கதை முடிந்ததாக எண்ண வேண்டாம். பங்கசு, காசநோய், சிஎம்வி எல்லாம் இன்னும் மீதியிருக்கும். வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபன் வேண்டவே வேண்டாம், டக்ரோலிமசோடு சேர்ந்தால் அவை சிறுநீரகத்தை வருத்தும்.

மூச்சுத் திணறல், வலிப்பு, மயக்கம், குழப்பமான பேச்சு, முகத்தில் கறுப்பு என்றால் 1990 இலக்கத்துக்கு அழைத்து சுவசெரிய அம்பியூலன்சை வரவழையுங்கள். சிங்களத்தில் சொல்ல வேண்டி வந்தால் "லெடாட்ட வகுகடுவக் பத்த கரலா தியெனவா" என்றால் நோயாளிக்குச் சிறுநீரகம் மாற்றியிருக்கிறார்கள் என்பது அவர்களுக்குப் புரியும். குளிசைப் பெயர்களும் அளவும் எழுதிய ஒரு தாளைக் கிளினிக் கொப்பிக்குள் ஒட்டி வைத்திருந்தால், அதைக் கையில் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

படி 7: எந்தப் பங்கசு மருந்தையும் வாங்கும் முன்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு தடவை வாசியுங்கள்.

ஃப்ளூகோனசோல், இட்ராகோனசோல், வொரிகோனசோல், பொசகோனசோல், கீட்டோகோனசோல் என்று "கோனசோல்" என முடியும் "அசோல்" வகைப் பங்கசுக் குளிசைகள் ஈரலிலும் குடலிலும் உள்ள ஒரு நொதியத்தை, அதாவது என்சைமை, தடுக்கின்றன. டக்ரோலிமசையும் சைக்லோஸ்போரினையும் உடைத்து வெளியேற்றுவது அந்த நொதியம்தான். அது நின்றால், நீங்கள் வழமையான அளவையே எடுத்தாலும் இரத்தத்தில் டக்ரோலிமஸ் சில நாட்களுக்குள் பல மடங்காகும். கை நடுங்கும், தலையிடிக்கும், பிரஷரும் சீனியும் ஏறும், பொட்டாசியம் கூடும், கிரியற்றினின் ஏறும். வொரிகோனசோலோ பொசகோனசோலோ தொடங்கும்போது டக்ரோலிமஸ் அளவை ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகக் குறைப்பது வழக்கம். வொரிகோனசோலோடு சைக்லோஸ்போரின் என்றால் பாதியாக. சிரோலிமஸ் எடுப்பவருக்கு வொரிகோனசோல் கொடுக்கவே கூடாது. இந்தக் கணக்கை டொக்டர் செய்ய வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது, அவருக்குத் தெரியாமல் ஒரு குளிசைகூட விழுங்காமல் இருப்பது.

வாய்க்குப் பூசும் மைகோனசோல் ஜெல்லும், வாயில் ஊறவைக்கும் க்ளோட்ரிமசோல் வில்லையும் இதில் அடங்கும். பூசுவதுதானே என்று நினைப்பார்கள், ஆனால் விழுங்கும் எச்சிலோடு உள்ளே போய் அளவைக் கூட்டும். தோலில் சிறிய இடத்துக்குப் பூசும் க்ளோட்ரிமசோல் கிரீமால் இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. பெண்ணுறுப்புத் தொற்றுக்கு ஒரே தடவை எடுக்கும் 150 மில்லிகிராம் ஃப்ளூகோனசோல் என்றாலும் கிளினிக்கில் சொல்லிவிட்டு எடுங்கள். வெட்கப்பட வேண்டாம், தாதிமார் தினமும் கேட்பதுதான்.

தோலுக்கு இன்னொரு எச்சரிக்கை. பங்கசு மருந்தும் கடுமையான ஸ்டீரொய்டும் கலந்த கிரீம்கள் கடைகளில் கிடைக்கின்றன. பூசியதும் அரிப்பு நிற்கும், சிவப்பு மறையும். பங்கசு அடியில் பரவிக்கொண்டே இருக்கும். பிறகு தோல் டொக்டர் பார்த்தாலும் அடையாளம் காண முடியாதபடி உருமாறிவிடும். ட்யூப்பில் பீட்டாமெதசோன், க்ளோபிட்டசோல் என்று இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

அசோல் தொடங்கினால் உங்கள் மற்றக் குளிசைகளையும் பார்க்க வேண்டும். கொலஸ்ட்ரோலுக்கு எடுக்கும் சிம்வாஸ்டற்றின், அற்றோவாஸ்டற்றின் அளவு கூடித் தசை உடைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கலாம். பெரும்பாலும் அவற்றைத் தற்காலிகமாக நிறுத்துவார்கள். வார்ஃபரின் எடுப்பவருக்கு இரத்தம் கசியலாம். இட்ராகோனசோல் வில்லைகள் வயிற்றில் அமிலம் இருந்தால்தான் கரையும், ஒமெப்ரசோல் எடுத்தால் வேலை செய்யாமலே போகலாம். ஃப்ளூகோனசோல் சிறுநீரகத்தால் வெளியேறுவது, சிறுநீரகத்தின் செயற்பாட்டைப் பார்த்துத்தான் அளவு போட வேண்டும்.

இதே நொதியத்தைக் குழப்பும் வேறு சில: தொண்டை வலிக்குத் தரும் எரித்ரோமைசின், க்ளரித்ரோமைசின், பழத்தில் ஜம்போலா, அதாவது பம்பளிமாசு, அதன் உறவான கிரேப்ஃப்ரூட். இவை டக்ரோலிமசைக் கூட்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேர்மாறாகக் கடுமையாகக் குறைக்கும். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று சொல்லி விற்கும் சீந்தில் போன்ற மூலிகைக் கஷாயங்களும் உங்களுக்கு ஆகாது. எதை அடக்கத்தான் இவ்வளவு குளிசையும் விழுங்குகிறோமோ அதை அவை தூண்டிவிடலாம்.

ஆகவே பாமசிக்கு யாரை அனுப்பினாலும் கிளினிக் கொப்பியோடு அனுப்புங்கள். வேறு ஒரு ஸ்பெசலிஸ்ட்டைச் சனல் பண்ணிப் பார்த்தாலும் முதல் வசனம் "எனக்குச் சிறுநீரகம் மாற்றியிருக்கு, டக்ரோலிமஸ் எடுக்கிறன்" என்பதாக இருக்கட்டும். டக்ரோலிமசின் பிராண்ட் மாறினாலும் சொல்லுங்கள். 2022 மருந்துத் தட்டுப்பாட்டில் கிடைத்த பிராண்டை வாங்க வேண்டி வந்தது. அப்படி மாறும் ஒவ்வொரு முறையும் இரத்த அளவு பார்க்க வேண்டும்.

படி 8: பரிசோதனைக்குப் போகும்போது

டக்ரோலிமஸ் அளவுக்கு இரத்தம் கொடுக்கும் காலையில் குளிசையை விழுங்காமல் கையோடு கொண்டுபோங்கள். இரவு 8 மணிக்கு எடுத்தவர் காலை 8 மணியளவில் இரத்தம் கொடுத்து, உடனே காலைக் குளிசையை எடுக்க வேண்டும். பழக்க தோசத்தில் விழுங்கிவிட்டால் இரத்தம் எடுப்பவரிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பொய்யாக உயர்ந்த இலக்கத்தைப் பார்த்து மருந்தைக் குறைத்துவிடுவார்கள்.

பங்கசைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே மட்டும் போதாது, பெரும்பாலும் நெஞ்சுக்கு சீடி ஸ்கான் தேவைப்படும். கிரிப்டோகொக்கசுக்கு இரத்தத்தில் அன்டிஜன் சோதனை உண்டு. அதில் தொற்று இருப்பதாக வந்தால் முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்து, அதன் அழுத்தத்தையும் பார்ப்பார்கள். முதுகில் ஊசி என்றதும் நம் ஆட்கள் பயந்து கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். தயவுசெய்து மறுக்க வேண்டாம். உயர்ந்திருக்கும் அழுத்தத்தைக் குறைப்பதே அந்த வருத்தத்தில் பாதிச் சிகிச்சை. அஸ்பர்ஜிலசுக்குக் கலக்டோமனன் என்ற சோதனை, நியூமோசிஸ்டிசுக்கு நுரையீரலைக் கழுவி எடுக்கும் நீர், மியூகோருக்கு சிறு சதைத்துண்டு. பங்கசுக்கான சிறப்புப் பரிசோதனைகள் பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் நடக்கின்றன. வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு வாரங்கள் ஆகலாம், அதுவரை டொக்டர் ஊகித்து மருந்து தொடங்குவது சரியான முறைதான்.

படி 9: வாட்டில் என்ன நடக்கும்

கடுமையான தொற்று என்றால் முதலில் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளைக் குறைப்பார்கள், பெரும்பாலும் மைக்கோஃபினோலேட் அல்லது அசாதயோபிரின்தான் முதலில். "குளிசையை நிப்பாட்டினால் சிறுநீரகம் போயிடுமே" என்று உறவினர் அழுவதைப் பார்த்திருக்கிறேன். இது உயிரையும் சிறுநீரகத்தையும் சேர்த்து நிறுத்துப் பார்த்து எடுக்கும் முடிவு, டொக்டர்மார் நாளுக்கு நாள் அதை மாற்றுவார்கள். பிரெட்னிசலோனை மட்டும் யாரும் திடீரென்று நிறுத்த மாட்டார்கள், நீங்களும் நிறுத்தக் கூடாது, அது உயிராபத்து.

அம்ஃபோடெரிசின் பி ஊசி பல பங்கசுக்கு உயிர்காப்பது, ஆனால் சிறுநீரகத்தைத் தாக்கும். லிப்பிட் உறையிட்ட லிப்பசோமல் வகை அந்தப் பாதிப்பைக் குறைக்கும், விலை அதிகம். ஏற்றும் முன் சேலைன் கொடுப்பார்கள், பொட்டாசியமும் மக்னீசியமும் விழுவதால் அடிக்கடி இரத்தம் எடுப்பார்கள். காஸ்போஃபங்கின் போன்ற ஊசிகள் கன்டிடாவுக்கு நல்லவை, டக்ரோலிமசோடு மோதுவதும் குறைவு. அஸ்பர்ஜிலசுக்கு வொரிகோனசோல்; பார்வையில் நிறம் மாறித் தெரியலாம், வெயில் தோலைச் சுடும், ஆகவே நீளக் கைச்சட்டையும் குடையும் வேண்டும். மியூகோருக்கு வொரிகோனசோல் வேலை செய்யாது. அதற்கு அம்ஃபோடெரிசினும் அழுகிய பகுதியை வெட்டி எடுக்கும் சத்திரசிகிச்சையும் சேர்ந்துதான் தேவை.

காலம் நீளம். நியூமோசிஸ்டிசுக்கு பெரிய அளவில் கொட்ரைமொக்சசோல் 21 நாள் வரை. அஸ்பர்ஜிலசுக்குக் குறைந்தது 6 முதல் 12 வாரம். கிரிப்டோகொக்கஸ் மூளைக்காய்ச்சலுக்கு குறைந்தது 2 வாரம் ஊசி, பிறகு 8 வாரம் அதிக அளவில் ஃப்ளூகோனசோல், அதன்பின் குறைந்த அளவில் 6 முதல் 12 மாதம். சிகிச்சைக்கு நடுவில், தேறி வரும்போதே தலையிடியோ காய்ச்சலோ திரும்பினால் அது நோய் மீண்டதாலும் இருக்கலாம், நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தைக் குறைத்ததால் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொண்டு செய்யும் அழற்சியாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை வேறு, வீட்டில் முடிவு செய்ய முடியாது.

படி 10: பங்கசு மருந்து முடியும் நாளுக்கு ஆயத்தமாக இருங்கள்

இங்கேதான் மிகக் கவனமானவர்கள்கூடத் தவறவிடுகிறார்கள். அசோல் எடுத்த மாதங்களில் டக்ரோலிமசைக் குறைத்து வைத்திருப்பார்கள். அசோலை நிறுத்தியதும் அந்த நொதியம் மறுபடி வேலை தொடங்கும், குறைத்து வைத்த டக்ரோலிமஸ் போதாமல் போகும். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, பங்கசும் இல்லை. உள்ளே நிராகரிப்பு தொடங்கியிருக்கும். கிரியற்றினின் ஏறும்போதுதான் தெரியவரும்.

எனவே அசோல் தொடங்கும் நாளிலேயே கிளினிக் கொப்பியில் நான்கு விடயங்களை டொக்டரிடம் கேட்டு எழுதுங்கள்: பழைய டக்ரோலிமஸ் அளவு, இப்போது குறைத்த அளவு, அசோல் முடியும் திகதி, முடிந்த பிறகு முதல் இரத்தப் பரிசோதனைத் திகதி. அசோல் குளிசை தீர்ந்துபோய்க் கடைகளில் கிடைக்காவிட்டால், "கிடைக்கும்போது வாங்குவம்" என்று விட்டுவிடாமல் அன்றே கிளினிக்குக்குச் சொல்லுங்கள். டக்ரோலிமசைப் பொறுத்தவரை அதுவும் நிறுத்தியதற்குச் சமம். அசோலை நிறுத்திய முதல் வாரத்துக்குள் டக்ரோலிமஸ் அளவும் கிரியற்றினினும் பார்க்க வேண்டும், அளவு நிலைக்கும் வரை திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். அந்த வாரங்களில் சிறுநீர் குறைந்தாலோ, கால் வீங்கினாலோ, மாற்றிய சிறுநீரகம் இருக்கும் அடிவயிற்றில் வலித்தாலோ, அடுத்த கிளினிக் திகதி வரட்டும் என்று இருக்காமல் அன்றே போய்க் காட்டுங்கள்.